மந்திரி கக்கன்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் பாதையில் இப்பொழுது இராப் பகல் என்ற பேதமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ம் வருஷம் மோட்டார் கார்த் தொழிற்சாலை ஒன்று உற்பத்தியைத் துவக்கிற்று. 2010-ம் வருஷம் ஒரகடத்தில் மற்றொன்று எழுந்தது. இவற்றுக்கு முன்னும் பின்னும் இடையிலும் வந்தவற்றை எண்ணிச் சொல்ல இங்கே இடமில்லை. ஏரியும் வயலுமாகக் கிடந்த இச்சீமையில் கரைகளின் மேலும் புறம்போக்கு ஓரங்களிலும் இருளர் என்னும் பழங்குடியினர் வெகுகாலமாகக் குடிசை போட்டு வாழ்ந்து வருகின்றனர். எலியும் பாம்பும் பிடிப்பது, விறகு வெட்டுவது, வயற்கூலிக்குப் போவது ஆகியவையே அவர்களுடைய ஜீவனம். நெல் ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் முன்பணத்துக்காகக் கொத்தடிமைப்பட்டு உழன்ற குடும்பங்களும் அவர்களுள் பல. தொழிற்சாலைக்கென்று நிலம் எடுக்கும்போது சர்க்கார் பட்டாதாரரைத் தேடிச் சென்று நஷ்டஈடு கொடுக்கிறது. பட்டா இல்லாதவன் எத்தனை தலைமுறையாக அவ்விடத்தில் இருந்தான் என்பதைச் சட்டம் எளிதில் கேட்பதில்லை. நியாயஸ்தலங்களில் வாதாடிப் பழகிய நமக்கு இது புதிதன்று. சட்டத்துக்குத் தஸ்தாவேஜுதான் கண்.

இந்த ஏரிக்கரைகளுக்கும் அவற்றின்மேல் குடியிருப்போருக்கும் ஏககாலத்தில் பொறுப்பாளியாக இருந்த மந்திரி ஒருவர் உண்டு. அவர் காலஞ்சென்ற ஸ்ரீ பி. கக்கன். 1957-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ந் தேதி ஸ்ரீ காமராஜரின் மந்திரிசபையில் பொதுமராமத்து இலாகாவையும், ஹரிஜன நல இலாகாவையும், பட்டியற் பழங்குடியினர் நலத்தையும் அவர் ஒருங்கே ஏற்றார். ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதிக்கும் அவர் முற்றிலும் அந்நியரல்லர். பின்னால் அவரைத் தமது மந்திரிசபையில் உள்நாட்டு மந்திரியாக வைத்துக்கொண்ட முதன்மந்திரி ஸ்ரீ பக்தவத்சலம், இதே தொகுதியிலிருந்து சட்டசபைக்குச் சென்றவர். ஆகவே, இச்சாலையின் ஓரத்தில் நின்று ஸ்ரீ கக்கனின் உத்தியோகக் கணக்கை எடுத்துப் பார்ப்பது பொருத்தமே என்று கருதுகிறோம்.

கணக்கு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கக்கன் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர் ஒரே ஒரு காட்சியைத்தான் நினைக்கின்றனர். முன்னாள் மந்திரி ஒருவர் மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியில் சாதாரணப் பிரிவில் ஏழைகளோடு ஏழையாகப் படுத்திருந்தார் என்னும் காட்சி அது. அது உண்மையான காட்சிதான். அவருடைய நேர்மையைக் குறித்து வழங்கும் கதைகளும் பல. தேர்தல் காலங்களில், அந்த நேர்மையில் நூற்றில் ஒரு பங்கும் இல்லாதவர்கள்கூட மேடையேறி அக்கதைகளைக் கண்ணீர் மல்கச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவற்றை நாம் இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. ஒரு மந்திரி ஏழையாக மாண்டார் என்பதையே திரும்பத் திரும்பப் புகழ்ந்துகொண்டிருந்தால், அவர் மந்திரியாக இருந்து என்ன செய்தார், எதைச் செய்ய முடியாமற் போயிற்று, அது ஏன் என்னும் கேள்விகள் நழுவிப் போய்விடுகின்றன. அவர் எந்த ஜனங்களின் பொருட்டு அந்த நாற்காலியில் அமர்த்தப்பட்டாரோ அந்த ஜனங்களுக்கு இக்கேள்விகளே முக்கியம்.

மதுரை ஜில்லா மேலூர்த் தாலுகா தும்பைப்பட்டி கிராமத்தில் 1908-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி கக்கன் பிறந்தார். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குலம். தகப்பனார் ஊர்க் கோவிலின் பூசாரி. தன் சேரியின் தெய்வத்துக்குத் தானே பூசை செய்யும் பூசாரியின் மகனுக்கு, பன்னிரண்டு கல் தொலைவிற்கு உட்பட்டதோ அப்பாற்பட்டதோ, மதுரை மீனாட்சியின் சந்நிதி அந்நாளில் எட்டாத இடமாகவே இருந்தது. இளமையிலேயே அவர் காங்கிரஸ் தொண்டில் புகுந்தார். மதுரை வக்கீல் ஸ்ரீ ஏ. வைத்தியநாதய்யர் அவரைக் கண்டெடுத்து ஹரிஜன சேவையில் ஈடுபடுத்தினார். சேரிகளில் இரவுப் பள்ளிக்கூடங்கள் நடத்துவதும், பிள்ளைகளைத் திரட்டி விடுதியில் சேர்ப்பதும் கக்கனின் வேலையாயின. ஐயர் அவரைத் தம் பிள்ளைகளில் ஒருவராகவே பாவித்தார் என்பது மதுரையார் அனைவரும் அறிந்த விஷயம்.

இவ்விடத்தில் சற்று நிற்க விரும்புகிறோம். ஸ்ரீபெரும்புதூர் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த தலம். அவர் மேலுக்கோட்டையில் தீண்டாதாருக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, ஆலயத்துக்குள் வரும் உரிமையை அளித்தார் என்று வைஷ்ணவ சம்பிரதாயம் கூறும். ஆனால் அவ்வுரிமை வருஷத்தில் சில தினங்களுக்கே உரியதாகி நின்றுவிட்டது. பல நூற்றாண்டுகள் சென்று, 1939-ம் வருஷம் ஜூலை மாதம் 8-ந் தேதி காலையில், ஸ்ரீ வைத்தியநாதய்யர் ஐந்து ஹரிஜனங்களையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துக்குள் நுழைந்தார். அந்த ஐவருள் கக்கன் ஒருவர். வயது முப்பத்தொன்று. சநாதனிகள் கொதித்தெழுந்தனர். பட்டர்களில் சிலர் பூசை செய்ய மறுத்தனர். வழக்குகள் தொடுக்கப்பட்டன. கோவிலுக்குள் அழைத்துச் சென்றவர்களும் சென்றவர்களும் சட்டத்தின்படி குற்றவாளிகளாகக் கருதப்படக்கூடிய நிலைமை. ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரின் சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்து, பின்னர் அதே வருஷம் ஆலயப் பிரவேசத்துக்கு அனுமதியும் பாதுகாப்பும் அளிக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று.

அதாவது, முதலில் மனிதர்கள் நுழைந்தனர். பிறகு சட்டம் அவர்கள் பின்னால் வந்தது. கக்கனின் பொதுவாழ்வில் இவ்வரிசை மிகவும் கவனிக்கத்தக்கது. அவர் மந்திரியான பிறகு அது தலைகீழாயிற்று. சட்டங்களும் திட்டங்களும் முன்னே சென்றன. மனிதர்கள் அவற்றை எட்டிப் பிடிக்க முடியாமல் பின்தங்கினர்.

1942-ம் வருஷத்துப் போராட்டத்தில் அவர் சிறை சென்றார். 1946-ல் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தீண்டாமை ஒழிக்கப்பட்டது, அதை எந்த ரூபத்தில் அனுஷ்டிப்பதும் குற்றம் என்று பிரகடனம் செய்யும் பதினேழாவது பிரிவை 1948-ம் வருஷம் நவம்பர் 29-ந் தேதி நிறைவேற்றியது அச்சபையே. தும்பைப்பட்டிச் சேரியில் பிறந்த ஒருவர் அந்த சபையில் அங்கத்தினராக வீற்றிருந்தார் என்பதை நினைக்கும்போது, தேச விடுதலையில் நம்பிக்கை இழந்து பேசுவோருக்கு விடை கிடைக்கிறது. 1952 முதல் 1957 வரை மதுரைத் தொகுதியின் பிரதிநிதியாக டில்லி லோக்சபையில் இருந்தார். ஸ்ரீ காமராஜர் முதன்மந்திரியானபோது, அவர் விட்டுச் சென்ற தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவியும் கக்கனுக்கு வந்தது. 1955-ம் வருஷம் பிப்ரவரியில் வைத்தியநாதய்யர் காலமானார். மந்திரிப் பதவியில் தம் சிஷ்யனைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இனி உத்தியோக விஷயத்துக்கு வருவோம். 1957-ல் கக்கனுக்கு அளிக்கப்பட்ட இலாகாக்களின் பட்டியலைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மின்சாரம் நீங்கலான பொதுமராமத்து, ஹரிஜன நலம், பட்டியற் பிரதேசங்கள், பட்டியற் பழங்குடியினர் என்று அது செல்கிறது. இதில் பட்டியற் பிரதேசங்கள் என்பது வெறும் பெயர்தான். அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையின்படி பழங்குடியினருக்கென்று தனிப் பாதுகாப்புள்ள பிரதேசங்கள் பழைய சென்னை ராஜ்யத்தில் இருந்தன. ஆனால் கோதாவரி, விசாகப்பட்டினம் ஏஜென்ஸிப் பகுதிகள் 1953-ல் ஆந்திரத்தோடு போயின. மேற்குக் கடலிலுள்ள லட்சத்தீவுகள் 1956-ல் பிரிந்தன. எஞ்சிய தமிழ் நாட்டில் அத்தகைய பிரதேசம் ஒரு காணி நிலமும் இல்லை. நீலகிரியோ, கொல்லிமலையோ, ஜவ்வாது மலையோ அப்பட்டியலில் சேர்க்கப்படவில்லை. இன்றுவரை இல்லை. ஆகவே, பழங்குடியினரின் நிலத்தை அந்நியர் வாங்கக்கூடாது என்று தடுக்க ஐந்தாவது அட்டவணை தரும் அதிகாரம் இம்மந்திரிக்குப் பெயரளவிலும் இல்லை. பெயர்ப்பலகை இருந்தது. பிரதேசம் இருக்கவில்லை.

ஹரிஜன நல இலாகாவின் பூர்வோத்தரத்தையும் சொல்ல வேண்டும். தாழ்த்தப்பட்டோர் நலத்தை 1920-ஐ ஒட்டிய வருஷங்களில் லேபர் கமிஷனரிடம் ஒப்படைத்தது வெள்ளையர் சர்க்கார். 1949-ல் அது தனி இலாகாவாயிற்று. கக்கனுக்கு முன் ஸ்ரீ பி. பரமேசுவரன் அதன் மந்திரியாக இருந்தார். அவ்வூழியத்துக்கு உள்ளடங்கியவை பள்ளிக்கூடங்கள், மாணவர் விடுதிகள், உபகாரச் சம்பளம், குடிநீர்க் கிணறுகள், வீட்டு மனைகள் ஆகியவையே. இவை அற்பமானவை என்று நாம் சொல்ல மாட்டோம். இரவுப் பள்ளிக்கூடம் நடத்திய கைக்கு விடுதியின் அருமை தெரியும். காமராஜர் காலத்தில் சேரிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் புகுந்தது ஒரு யுகமாற்றம் என்பதில் சந்தேகமில்லை. அதில் கக்கனுக்கும் பங்குண்டு. ஆனால் நிலம் ரெவின்யூ மந்திரி ஸ்ரீ மாணிக்கவேலரின் இலாகா. போலீஸ் உள்நாட்டு மந்திரி ஸ்ரீ பக்தவத்சலத்தின் இலாகா. காடும் கக்கனிடம் இல்லை. சேரி மனிதனின் கஷ்டம் நிலத்திலிருந்தும் அடியிலிருந்தும் வருகிறது. பழங்குடி மனிதனின் கஷ்டம் காட்டதிகாரியிடமிருந்து வருகிறது. நலத்துக்கான மந்திரியின் கையிலோ கிணறு இருந்தது.

அவர் பதவியேற்ற ஐந்தாவது மாதத்திலேயே இது வெளியாயிற்று. 1957-ம் வருஷம் செப்டம்பர் 10-ந் தேதி முதுகுளத்தூரில் ஜில்லா கலெக்டர் கூட்டிய சமாதான மகாநாட்டில், தாழ்த்தப்பட்டோர் பிரதிநிதியாக ஸ்ரீ இமானுவேல் சேகரன் கலந்துகொண்டார். பட்டாளத்தில் பணியாற்றித் திரும்பியவர். காங்கிரஸைச் சார்ந்தவர். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். மூன்று தினங்களுக்குப் பின் கீழத்தூவலில் போலீஸார் சுட்டு ஐந்து மறவர்கள் மாண்டனர். கிராமங்கள் எரிந்தன. இரு பக்கத்திலும் ஏழைகளே மடிந்தனர். அந்த இராமநாதபுரம் ஜில்லா கக்கனின் சொந்த மதுரைக்கு அடுத்தது. வெட்டுண்டவன் அவருடைய கட்சிக்காரன், அவருடைய இலாகாவின் பாதுகாப்புக்கு உரியவன். எனினும் அமைதியை நிலைநாட்டும் அதிகாரம் மேஜைக்கு அப்பால் வேறொருவரிடம் இருந்தது. நலம் என்னும் சொல்லிலிருந்து உயிரின் பாதுகாப்பை வெட்டியெடுத்து வேறு இலாகாவில் வைக்கும் ஏற்பாடு எத்தகையது என்பதற்கு முதுகுளத்தூரை விடப் பெரிய சாட்சியம் நமக்கு வேண்டியதில்லை.

பொதுமராமத்தில் அவருடைய பெயர் நிலைத்திருக்கிறது. 1959-ம் வருஷம் ஜனவரியில் வைகை அணை திறக்கப்பட்டது. பெரியாற்றுத் தண்ணீரையும் வைகைத் தண்ணீரையும் தேக்கி முறைப்படுத்தி மதுரைச் சீமைக்கு அனுப்பும் அவ்வணையை, மதுரைச் சீமையின் சேரியொன்றில் பிறந்தவர் மந்திரியாக இருந்த காலத்தில் கட்டி முடித்தனர். சாத்தனூரும் கிருஷ்ணகிரியும் அவ்வாண்டுகளின் வேலைகளே. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்துக்கும் அப்பொழுதே அடிகோலப்பட்டது. இவற்றுக்கான புகழ் முதன்மந்திரிக்கும் எஞ்சினீயர்களுக்கும் பகிர்ந்து போகட்டும். கோடிக்கணக்கில் ரூபாய் புரண்ட அந்த ஒப்பந்தக் காலத்தில் மந்திரியின் கையில் கறைபடவில்லை என்பது மட்டும் அவருக்கே உரியது.

ஆனால் பொதுமராமத்து இலாகா அணைகளுக்கு மட்டும் சொந்தக்காரனல்ல. பெரிய ஏரிகளும் அவற்றின் கரைகளும் அதன் வசத்திலேயே இருந்தன. ஏரிப் புறம்போக்கை யாருக்கும் பட்டா செய்து கொடுக்கலாகாது என்பது வெள்ளையர் காலத்து ரெவின்யூ விதி. விதியில் நியாயம் இல்லாமலில்லை. கரையை அறுத்துக் குடியேற விட்டால் ஏரி எதற்கு? எனினும் வேறு மனை கொடுக்காதவரையில், கரையில் இருப்பவன் ஒரு பைலில் ஆக்கிரமிப்பாளன், இன்னொரு பைலில் சர்க்காரின் பரிவுக்குரிய பழங்குடி மகன். அந்த இரண்டு பைல்களும் 1957 முதல் 1962 வரை ஒரே மந்திரியின் மேஜையில் இருந்தன. கரையிலிருப்பவனுக்கு அக்கம்பக்கத்தில் மேட்டு நிலத்தில் மனை தேடிக் கொடுக்க, இதைவிட அநுகூலமான ஏற்பாடு அதன் முன்னும் பின்னும் அமையவில்லை. அமைந்தும், இருளர் கரையிலேயே இருந்தனர். மனைக்கான நிலம் ரெவின்யூ இலாகாவிலிருந்து வரவேண்டுமே என்று ஒருவர் சமாதானம் சொல்லலாம். அந்தச் சமாதானத்தை நாமும் ஏற்கிறோம். ஆனால் மந்திரிசபை என்பது மந்திரிகள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் இடமல்லவா?

செங்கற்பட்டு ஜில்லாவில் இப்பேச்சுக்கு விசேஷ அர்த்தம் உண்டு. இந்த ஜில்லாவின் கலெக்டர் டிரெமென்ஹீர் என்ற வெள்ளையர் 1891-ல் இங்குள்ள தாழ்த்தப்பட்டோரின் நிலைமையை நேரில் கண்டு சர்க்காருக்கு ஒரு நீண்ட குறிப்பு எழுதினார். நிலமில்லாமையே அவர்களுடைய அடிமைத்தனத்துக்கு வேர் என்பது அதன் சாரம். அதன் பயனாக 1892-ல் பஞ்சமி நிலம் என்று இன்று வழங்கும் தரிசுகள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது, அதன் பிறகும் அவ்வகுப்பாருக்கன்றி வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் கை மாறிற்று. அதை மீட்கும்படி கேட்டு நடந்த கிளர்ச்சியில், 1994-ம் வருஷம் அக்டோபர் 10-ந் தேதி செங்கற்பட்டில் போலீஸார் சுட்டு இருவர் இறந்தனர். வெள்ளைக் கலெக்டர் எழுதிய குறிப்பு நூறு வருஷம் கழித்தும் தீராத கணக்காக இருந்தது என்பது நம்மவர் எல்லோருக்கும் தலைகுனிவு. கக்கன் ஒருவர் தலைமேல் அதைச் சுமத்துவது அநியாயம். ஆனால் அவருடைய ஐந்தாண்டுகளையும் சேர்த்துத்தான் அந்த நூறு.

மலைகளின் கதி இன்னும் மோசம். 1961-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ் நாட்டில் பட்டியற் பழங்குடியினர் சுமார் இரண்டரை லட்சம் பேர். மூன்றரைக் கோடிக்கு அருகில் ஜனங்கள் வாழ்ந்த ராஜ்யத்தில் நூற்றுக்கு ஒருவர்கூட அல்ல. வோட்டுக் கணக்கில் அவர்கள் ஒரு பொருட்டாகத் தோன்றாததற்குக் காரணம் வேறு தேட வேண்டுமா? கல்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் என்னும் பழங்குடியினர், நாடு சுதந்தரம் பெற்ற பிறகும் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்தனர். ஜமீன்தாரி ஒழிந்தது என்று சமவெளியில் நாம் பெருமை பேசிக்கொண்டிருந்த காலம் அது. அம்மலை முழுமையாகச் சர்க்கார் நிர்வாகத்துக்குள் வந்தது 1976-ல். பழங்குடியினர் நல மந்திரி என்று ஒருவர் கோட்டையில் இருக்கையிலேயே, மலையில் வேறு ராஜ்யம் நடந்துகொண்டிருந்தது.

1962-ல் அவர் விவசாய மந்திரியானார். அதைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. ஒன்றரை வருஷத்தில் இலாகா மாறிவிட்டது. 1963-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி, காமராஜர் கட்சிப் பணிக்கென்று விலகி பக்தவத்சலம் முதன்மந்திரியானபோது, கக்கன் உள்நாட்டு மந்திரியாக நியமிக்கப்பட்டார். எந்தப் போலீஸாரைக் கண்டால் சேரியில் கதவடைத்துக்கொள்வார்களோ அந்தப் போலீஸாருக்குச் சேரியில் பிறந்தவர் தலைவரானார். லஞ்சத்தைக் கண்டுபிடித்து ஒழிப்பதற்கென்று தனி இலாகா 1964-ல் இவர் காலத்தில் ஏற்பட்டது. அது அவருடைய குணத்துக்கு இசைந்த காரியம்.

பிறகு 1965 வந்தது. ஹிந்தி ஏக ஆட்சி மொழியாவதை எதிர்த்து ஜனவரி இறுதியில் மாணவர்கள் வீதிக்கு வந்தனர். சிதம்பரத்தில் சர்வகலாசாலை மாணவர் ராஜேந்திரன் ஜனவரி 27-ந் தேதி போலீஸ் குண்டுக்கு இரையானார். பிப்ரவரியில் பொள்ளாச்சியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. பட்டாளம் அழைக்கப்பட்டது. சர்க்கார் கணக்கின்படியே சுமார் எழுபது பேர் இறந்தனர். டில்லியிலிருந்த தமிழ் மந்திரிகள் ஸ்ரீ சி. சுப்பிரமணியமும், நமது செங்கற்பட்டுத் தொகுதியின் ஸ்ரீ ஓ. வி. அளகேசனும் ராஜிநாமாக் கொடுத்தனர். சென்னையில் எவரும் கொடுக்கவில்லை. கடுமையாக நடக்கவேண்டும் என்ற கொள்கை முதன்மந்திரியுடையது என்பதை யாவரும் அறிவர். ஆயினும் போலீஸ் இலாகாவின் மந்திரி கக்கனே. ஒரு காலத்தில் நியாயமற்ற சட்டத்தை மீறிக் கோவிலுக்குள் நுழைந்தவர், இப்பொழுது சட்டத்தின் பெயரால் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்துக்குச் சட்டசபையில் பொறுப்பாளியாக நின்றார். அவருடைய நேர்மையைச் சொல்லி இப்பக்கத்தை மூடிவிடப் பலர் விரும்புகின்றனர். நாம் மூட மாட்டோம். கைசுத்தம் ஒரு குணம். துப்பாக்கி விஷயத்தில் எடுக்கும் தீர்மானம் வேறொரு குணம். முன்னது இருந்தால் பின்னதுக்குக் கணக்குக் கேட்கக்கூடாதென்று எந்தத் தர்ம சாஸ்திரமும் சொல்லவில்லை.

ஜனங்கள் கேட்டனர். 1967-ம் வருஷத்துத் தேர்தலில் ஸ்ரீபெரும்புதூரில் பக்தவத்சலம் தோற்றார். விருதுநகரில் காமராஜரே தோற்றார். மேலூர்த் தெற்கில் கக்கன், திராவிட முன்னேற்றக் கழகத்து அபேட்சகர் ஸ்ரீ ஓ. பி. ராமனிடம் தோற்றார். அரிசிப் பஞ்சமும் அவ்வருஷத்துத் தீர்ப்பில் சேர்ந்திருந்தது. அத்துடன் கக்கனின் பதவி வாழ்வு முடிந்தது. பத்து வருஷம் மந்திரியாக இருந்தவருக்குச் சொல்லிக்கொள்ளச் சொத்து இல்லை. பஸ்ஸில் பிரயாணம் செய்தார். நோய் வந்தபோது மதுரை ஆஸ்பத்திரியில் சாதாரணப் பிரிவில் படுத்தார். வேறொருவரைப் பார்க்க அங்கு வந்த முதன்மந்திரி ஸ்ரீ எம். ஜி. ராமச்சந்திரன், கக்கன் அங்கிருப்பதை அறிந்து அவரிடம் சென்றார். சிகிச்சைக்கும் மாதாந்தர உதவித் தொகைக்கும் இலவசப் பஸ் பிரயாணத்துக்கும் உத்தரவிட்டார். எதிர்க்கட்சியில் இருந்தவருக்குச் செய்த அந்த மரியாதையைப் பாராட்டுகிறோம். அதே சமயத்தில், அவருடைய சொந்தக் கட்சியார் அதுவரை எங்கே போயிருந்தனர் என்று கேட்காமலிருக்க முடியவில்லை. 1981-ம் வருஷம் டிசம்பர் 23-ந் தேதி கக்கன் காலமானார். 1999-ல் இந்திய சர்க்கார் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. தும்பைப்பட்டியில் மணிமண்டபம் இருக்கிறது.

ஒதுக்கப்பட்டோருக்கான மந்திரிப் பதவியை ஒதுக்கப்பட்டவர் ஒருவருக்கே கொடுத்துவிட்டு, நிலமும் காடும் போலீஸும் மற்றவர்களிடம் இருக்கட்டும் என்ற ஏற்பாட்டை உண்டாக்கியவர் கக்கன் அல்லர். அதற்குள் அவர் உட்காரவைக்கப்பட்டார். உட்கார்ந்த இடத்தில் திருடவில்லை, பொய் பேசவில்லை, விடுதிகளும் அணைகளும் எழுவதைக் கண்டார். அந்த ஏற்பாட்டையே எதிர்த்து மேஜையைத் தட்டி, நிலமில்லாமல் எனக்கு இந்த இலாகா வேண்டாம் என்று எழுந்து வந்திருந்தால், 1939-ம் வருஷத்துக் கக்கனை 1957-லும் கண்டிருப்போம். கட்சிக் கட்டுப்பாட்டில் வளர்ந்தவர் அப்படிச் செய்யவில்லை. அதைக் குற்றம் என்று சொல்ல நமது பேனா கூசுகிறது. ஆனால் அந்த நஷ்டத்தைச் சுமந்தவர்கள் கரையிலும் மலையிலும் இருந்தவர்களே.

2011-ம் வருஷத்துக் கணக்கில் தமிழ் நாட்டுப் பழங்குடியினர் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர். அவர்களுக்கென்று 2000-ம் வருஷம் ஏப்ரலில் தனி இயக்குநரகம் ஏற்பட்டது. பட்டியல் வகுப்பாருக்கு ஜாதிச் சான்று தாசில்தார் தரலாம். பழங்குடியினருக்கோ கோட்டாட்சியர் தரவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தகப்பன், தான் இருளன்தான் என்று நிரூபிக்கத் தன் பாட்டனின் காகிதத்தைத் தேடுகிறான். பாட்டனிடம் காகிதம் ஏது? சான்று இல்லாவிட்டால் விடுதியும் இல்லை, உபகாரச் சம்பளமும் இல்லை. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டம் வந்தது. 2015-ம் வருஷத்து வெள்ளத்துக்குப் பின் அச்சட்டத்தை எடுத்துக் காட்டுவோர் மிகுந்தனர். 2021-ல் ஏரிகளும் அணைகளும் பொதுமராமத்திலிருந்து பிரிந்து நீர்வளத் துறை என்னும் தனி இலாகாவாயின. 1957-ல் கக்கனின் மேஜைமேல் சேர்ந்திருந்த அந்த இரண்டு கட்டுப் பைல்களும் இவ்வாறு இரண்டு மந்திரிகளிடம் சென்று சேர்ந்தன. ஒரகடம் சாலையோரத்து ஏரிக்கரையில் குடியிருக்கும் இருளன், மனை கேட்டு ஒரு கச்சேரிக்கும், கரையை விட்டு எழுப்பாதிருக்கும்படி கேட்டு மற்றொரு கச்சேரிக்கும் நடக்கவேண்டியிருக்கிறது.